முப்பத்தெட்டு நிமிடம்

மண்டபத்துச் சாவிக்கு
ஐம்பது டாலர் முன்பணம் கட்டினேன்.
இருபது நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன்.
வட்டம் கோணல் என்று கலைத்து
மறுபடி போட்டேன்.
கொதிகலன் இரண்டு முறை கொதித்து
இரண்டு முறை ஆறியது.

செவ்வாய், காலை பத்து மணி.
வாசலுக்கு எதிரே ஒரு வெள்ளைக் கார்
எஞ்சினை அணைக்காமல் நின்றது.
உள்ளே மூன்று பெண்கள்.
கையசைத்தேன்.
அவர்களும் கையசைத்தார்கள்.
செம்புழுதி கிளப்பிக்கொண்டு கார் போய்விட்டது.

அடுத்த செவ்வாயும் அப்படியே.
அதற்கடுத்த வாரம்
பிஸ்கட் பொட்டலத்தோடு நானே காரிடம் போனேன்.
வெர்லீன் கண்ணாடியை
ஒரு விரற்கடை இறக்கினாள்.
"டெல்வீன், இது முன்னே என்ன இடமென்று
உனக்குத் தெரியாதா?"

தெரியும். தெரியாமலா.
புதுப் பச்சை வர்ணத்தின் கீழே
பழைய சாம்பல் நிறம்.
நலத்துறை அலுவலகம்.
வெர்லீனின் அம்மா இதற்குள் போனபோது
இரண்டு கையிலும் பிள்ளைகள்.
படிக்கத் தெரியாத தாளில் பெருவிரல் பதித்துவிட்டு
வெளியே வந்தபோது
ஒரு கைப்பை மட்டும்.

"சுவரைத்தான் மாற்றினார்கள்,
கதவின் கைப்பிடி அதேதான்" என்றாள்.

நான் அந்தக் கைப்பிடியைத்
துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தேன்.

சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.
தரையில் தேநீர்க் கறை என்று
பத்து டாலர் பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பல்ல.
என் வீட்டுச் சலவை இயந்திரம் பழுதானது,
அவ்வளவுதான்.
பெட்ரோல் பங்குக்குப் பக்கத்துச் சலவைக்கடையில்
வெர்லீன் இருந்தாள், கோரலி இருந்தாள்,
இந்த மாதம் மூன்றாம் முறையாக
அதே கறுப்புப் பாவாடையைத் துவைத்துக்கொண்டு
டனிக்கா இருந்தாள்.
மூன்று சாவு. ஒரு பாவாடை.

நாணயம் போட்டால் முப்பத்தெட்டு நிமிடம்.
இயந்திரங்கள் போடுகிற இரைச்சலில்
பக்கத்தில் இருப்பவள் சொல்வதே பாதிதான் கேட்கும்.
அதனால்தானோ என்னவோ
எல்லாரும் பேசினோம்.

மானியப் படிவத்தையும் அங்கேயே நிரப்பினோம்,
சோப்புத் தூள் டப்பாவின் மேல் வைத்து.
*இலக்குக் குழு: பூர்வகுடிப் பெண்கள்.*
"இலக்கு என்றால் குறிபார்ப்பார்களா?" என்றாள் கோரலி.
*எதிர்பார்க்கும் விளைவு?*
"உலர்ந்த துணி."
டனிக்கா சிரித்த சிரிப்பில்
அடுத்த இயந்திரத்துக்காரன் எழுந்து வெளியே போனான்.
விளைவு என்ற கட்டத்தில்
அதையே எழுதினேன்.
பணம் வரவில்லை.

ஐந்தாம் வாரமோ ஆறாம் வாரமோ,
துணி சுழன்று பிழியும் நேரத்தில்
கோரலி எதையோ சொன்னாள்.
"என்ன?"
மறுபடி சொன்னாள்.
இடது மார்பில் ஒரு கட்டி.
கோதுமை அறுவடைக்கு முன்பிருந்தே.
ஆஸ்பத்திரியில் கேள்வி கேட்பார்கள்,
பேரப்பிள்ளைகள் யாரிடம் என்பார்கள்,
எழுதிக்கொள்வார்கள்.

அந்த நேரம் பார்த்து இயந்திரம் நின்றது.
இரைச்சல் இல்லாத கடையில்
நாங்கள் நால்வரும்
நனைந்து போனவர்கள்போல் நின்றோம்.

வெர்லீன் பையைத் துழாவி
நாணயம் எடுத்தாள்.
வெளுத்த துணியையே மறுபடி உள்ளே போட்டு
கதவை அறைந்து சாத்தினாள்.
"சொல்லு" என்றாள்.

வியாழக்கிழமை
ஆஸ்பத்திரியின் ஒரே பெஞ்சில் நான்கு பேர்
நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம்.
"உறவுக்காரர்களா?" என்றாள் நர்ஸ்,
பேனாவைத் திறந்தபடி.
"ஒரே சலவை" என்றாள் வெர்லீன்.
நர்ஸ் அதை எங்கே எழுதுவதென்று தெரியாமல்
பேனாவை மூடினாள்.

முடிவு இன்னும் வரவில்லை.
பார்க்கா ஆற்றில் தண்ணீரும் இன்னும் வரவில்லை.
இந்தச் செவ்வாய் புதிதாக இரண்டு பேர்,
ஒருத்தி கையில் துணியே இல்லை.
டனிக்கா கொண்டுவந்தது
மஞ்சள் போர்வை ஒன்று,
அகலமானது,
மடிக்க ஆறு கை வேண்டியிருந்தது.